பதினோராவது காலை

அட்டை பரப்பினால் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். எங்கள் தேர்வு அலுவலகத்தில் எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத, ஆனால் எல்லாரும் அடங்கி நடக்கிற சட்டம் அது. வெயில் காலத்தில்தான் தேர்வு வரும். தேர்வுக்குத்தான் அட்டை வரும். ஆகவே வருஷத்தில் மண்டையைப் பிளக்கும் மூன்று வாரமும் நாங்கள் காற்றில்லாமல் புழுங்கிச் சாவோம். அந்த அறையில் நான் தட்டச்சு. "உன் அட்டைக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லையேடி" என்று பதினாறு வருஷமாகத் திட்டியிருக்கிறேன். அட்டைக்காரி சிரிப்பாள். விசிறியை மட்டும் போட மாட்டாள்.

அட்டைக்காரி என்பது நான் வைத்த பெயர், அலுவலகம் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. கல்லூரியின் தேர்வு அட்டவணையைப் போடுவது அவள் வேலை. ஒரு பாடத்துக்கு ஓர் அட்டை. அந்தப் பாடத்தை எழுதப்போகிற பிள்ளைகளின் எண்கள் எல்லாம் அதில் இருக்கும். ஒரே பிள்ளை இருக்கிற இரண்டு அட்டைகள் ஒரே காலையில் விழக்கூடாது, அவ்வளவுதான் வித்தை. சொல்வதற்கு என்ன, போட்டுப் பார்த்தால் தாவு தீர்ந்துவிடும். கடைசி வருஷத்துக்காரர்களுக்குக் காலையில் மட்டும்தான் தேர்வு, அதுவும் பெரிய கூடத்தில். பிற்பகல் சின்ன வகுப்புகளுக்கு.

அவள் மகளுக்கு ரெட்டை என்று பெயர் வைத்தது நான் இல்லை, கூடப் படிக்கிற பிள்ளைகள். கணிதம், கணினி அறிவியல் இரண்டையும் சேர்த்து ஒரே பட்டமாகப் படிக்கிறவள். அப்படிக் கடைசி வருஷத்தில் பதினாலு பேர். இரண்டு துறைக்கும் சொந்தம் என்று பெயர்தான், இரண்டிலும் மாற்றாந்தாய் பார்வை. கணிதத் துறையில் "மிஷின் தட்டுறவங்க" என்பார்கள், கணினித் துறையில் "காகிதத்துல கிறுக்குறவங்க" என்பார்கள். இந்தத் துறையில் ஓர் எண், அந்தத் துறையில் வேறோர் எண். அட்டைக்காரி அந்த எண்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைப்பாள். புள்ளி இருந்தால் இந்தப் பிள்ளைக்கு இன்னோர் எண்ணும் உண்டு, அட்டைகள் வைக்கிற பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டியிருக்கிற பட்டியலைப் பார் என்று அர்த்தம்.

இந்த வருஷம் ரெட்டை அம்மாவுக்காக ஒரு கணினி நிரல் எழுதிக் கொடுத்தாள். முதுகு வலியோடு அம்மா மூன்று வாரம் குனிந்து நிற்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. அட்டைகளைப் பார்த்து எண்களைக் கணினியில் ஏற்றியது நான். மூன்று நாள் அடித்தேன். நிரல் இரண்டே நிமிஷத்தில் அட்டவணையைத் துப்பிவிட்டது. மொத்தம் ஏழு காலை. போன வருஷம் கையால் போட்டபோது பத்து ஆனது.

"ஏழா? பத்துக்குக் குறையாதேடி. இந்த வருஷம் புதுசா ஒரு பாடம் வேற சேந்திருக்கு" என்றாள் அட்டைக்காரி.

"அம்மா, நீ கையால எத்தனை வழி பாத்திருப்ப? நூறு? எரநூறு? இது லட்சக்கணக்குல பாத்துட்டுச் சொல்லுது. சும்மா சந்தேகப்படாதே."

அட்டைக்காரி அட்டைகளை அடுக்கிப் பெட்டிக்குள் வைத்தாள். எங்கள் தேர்வு அதிகாரிக்கோ தலைகால் புரியவில்லை. "உங்க பொண்ணு கெட்டிக்காரிம்மா" என்று நாலு பேர் காதுபடச் சொன்னார். சொன்னதோடு நின்றாரா? எட்டு, ஒன்பது, பத்தாம் காலைகளுக்குக் கூடத்தை வெளியார் நுழைவுத் தேர்வு ஒன்றுக்குத் தூக்கிக் கொடுத்தார். பதினோராம் நாளிலிருந்து கூடத்தின் தரையைப் பெயர்த்துப் புதுக் கல் பதிக்க ஆளும் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை காலை அட்டவணை பலகையில் ஏறியது. ஒன்பதரை மணிக்கு ரெட்டை மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

"அம்மா, மூணாவது நாள் காலையில எனக்கு ரெண்டு பேப்பர். அஞ்சாவது நாளும் ரெண்டு. வெளிய மத்தவங்களும் கத்திக்கிட்டு இருக்காங்க. ஒரே நேரத்துல ரெண்டு நாற்காலியில உக்கார நான் என்ன ரெண்டு பேரா?"

கேட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ரெண்டு பேர்தான்" என்றாள் மெதுவாக. "நிரலைப் பொறுத்தவரைக்கும் நான் ரெண்டு பேர். ஒவ்வொரு நம்பரையும் ஒரு ஆள்னு எடுத்துக்கிச்சு. ஐயோ, பதினாலு பேரையும் இருபத்தெட்டு பேராக்கிட்டேனே! எனக்கே ரெண்டு நம்பர் இருக்கு. எனக்கே தோணலையே அம்மா!"

அட்டைக்காரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் என் விசைப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அந்தச் சிவப்புப் புள்ளிகளை நான் பார்த்திருந்தேன். இரண்டாம் நாள் அடிக்கிறபோது, இதை எங்கே போடுவது என்று கேட்க எழுந்தேன். அந்த நேரம் பார்த்துத் தேநீர் வந்தது. குடித்தேன், உட்கார்ந்தேன், விட்டுவிட்டேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. எண் அடிப்பது என் வேலை, புள்ளி அடிக்க எனக்கு விசை இல்லை என்று உள்ளுக்குள் ஓர் எகத்தாளமும் இருந்தது. அன்று காலை அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். உட்காரவில்லை.

"நாலு மணிக்குத் திருத்தின அட்டவணை பலகையில ஏறணும். அதே ஏழு காலைக்குள்ள அடக்குங்க. கூடத்தை வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு. அடங்கலேன்னா நான் மேல எழுதித்தான் ஆகணும். வெளியாள் கையை அட்டவணைக்குள்ள விட்டது யாருன்னு கேப்பாங்க. அப்புறம் இந்த நாற்காலி உங்களுக்கு இல்ல. சொல்லிட்டேன்."

"நீங்கதானே சார் கெட்டிக்காரின்னு சொன்னீங்க?" என்றேன். என்னால் சும்மா இருக்க முடியாது.

"நீங்க உங்க வேலையைப் பாருங்கம்மா."

ரெட்டை பெட்டி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்த எண்ணுக்கு எந்த எண் ஜோடி என்று நிரலுக்குச் சொல்லிக் கொடுத்தாள். இருபத்தெட்டு பேர் பதினாலு பேரானார்கள். ஏழு காலைக்குள் போடு என்று கேட்டாள். முன்பு இரண்டு நிமிஷத்தில் துப்பிய மிஷின் இப்போது சுற்றிக்கொண்டே இருந்தது. பதினொன்று அடித்தது, பன்னிரண்டாகப் போனது. திரையில் ஒரு புள்ளிக்குப் பிறகு இன்னொரு புள்ளி. அட்டைக்காரி அதை நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி சொல்லுது?"

"இன்னும் கிடைக்கலேங்குது."

"அப்ப ஏழுக்குள்ள அடங்காது. அதான் நான் அன்னைக்கே சொன்னேனே."

"இல்லம்மா. கிடைக்கலேங்கறது வேற, இல்லேங்கறது வேற. எல்லா வழியையும் பாத்து முடிச்சாத்தான் இல்லேன்னு சொல்லும். முடிக்க எத்தனை வருஷம் ஆகுமோ. அதுவரைக்கும் அந்த ஆளு 'இன்னும் தேடு, இன்னும் தேடு'ன்னுதான் சொல்வாரு."

சொல்லி வாய் மூடவில்லை, அதிகாரி தலையை நீட்டினார். "கிடைச்சுதா? கிடைக்கலேன்னா தேடுங்க. முடியாதுன்னு என்கிட்ட சொல்லாதீங்க. முடியாதுங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

அவர் போனதும் ரெட்டை நகத்தைக் கடித்துக்கொண்டு பெட்டி மூடியைப் பார்த்தாள். பிறகு பட்டென்று திரையை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பெரியம்மா, விசிறியை நிறுத்துங்க. அம்மா, அட்டையை எடு."

ஜன்னலையும் சாத்தினோம். மேசை நிறைய அட்டை. ஐந்தே நிமிஷத்தில் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"வழக்கமா உன் உயிரை வாங்குற பேப்பர் எது எதும்மா? எங்க வெச்சாலும் எதையாவது இடிக்குமே, அது?"

அட்டைக்காரி யோசிக்கவே இல்லை. கை தானாகப் போயிற்று. கணிதத்தில் ஆறு, கணினியில் ஐந்து, பதினோரு அட்டைகளை உருவித் தனியாக வைத்தாள். "இந்தக் கும்பல்தான், புதுசா வந்ததையும் சேத்து. ஒண்ணுக்கொண்ணு ஆகாது. ஒரே காலையில வெக்கவே முடியாது."

"எந்த ரெண்டை எடுத்தாலுமா?"

"எந்த ரெண்டை எடுத்தாலும்னுதான் தோணுது. ஒக்காந்து எண்ணினதில்ல."

ரெட்டையின் கண் மின்னியது. "அதை மட்டும் எண்ணிட்டா போதும்மா. இந்தப் பதினொண்ணுல எந்த ரெண்டுலயும் பொதுவா ஒரு ஆள் இருந்தா, எந்த ரெண்டும் ஒரே காலையில வராது. பதினோரு பேப்பருக்குப் பதினோரு காலை. மிஷின் தேடவே வேண்டாம். யார் வந்து தேடினாலும் ஒண்ணும் கிடைக்காது. ஐம்பத்தஞ்சு ஜோடி. பெரியம்மா, கட்டம் போடுங்க."

நான் கட்டம் போட்டேன். அட்டைக்காரி ஓர் அட்டையிலிருந்து எண் வாசிப்பாள், ரெட்டை இன்னோர் அட்டையில் விரலை ஓட்டுவாள், புள்ளி வந்தால் மூடியைப் பார்ப்பாள். "இருக்கு" என்றதும் நான் கட்டத்தில் ஒரு கோடு. இருக்கு. இருக்கு. இருக்கு. வியர்வைத் துளி ஒன்று அட்டையில் விழுந்து மை இழுகப் பார்த்தது, அட்டைக்காரி முந்தானையால் ஒற்றி எடுத்தாள். அம்மாவும் மகளும் ஒரு வார்த்தை வீணாகப் பேசவில்லை. காலையில் ஒருத்தி அழாத குறை, இன்னொருத்தி செத்த பிணம் மாதிரி இருந்தாள். இப்போது பார்த்தால் சமையலறையில் சேர்ந்து காய் நறுக்குகிற மாதிரி இருந்தார்கள். ஒன்றரை மணிக்கு ஐம்பத்து நாலு கட்டம் நிறைந்துவிட்டது.

கடைசி ஜோடி. கணிதத்தில் டோபாலஜி என்கிற இடத்தியல், கணினியில் கிராஃபிக்ஸ் என்கிற வரைகலை, அதாவது இந்த வருஷம் புதிதாக வந்த பாடம். வாசித்துக்கொண்டே வந்தார்கள். இல்லை, இல்லை, இல்லை. அட்டைக்காரியின் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசிக்கு முந்தின வரிசையில் ஒரு சிவப்புப் புள்ளி.

"இருக்கு. ஒரே ஒரு ஆள். யாருடி இது, இந்த ரெண்டையும் சேத்து எடுத்த பைத்தியம்?"

ரெட்டை மூடியைப் பார்க்கவில்லை.

"நான்தான்" என்றாள்.

அதிகாரி வந்து தாளைப் பார்த்தார். ரெட்டை விளக்கினாள். கையில் அட்டைகளை எடுத்து நாலைந்து ஜோடியைத் தானே சரிபார்த்தார். மனுஷன் முட்டாள் இல்லை, அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏழுக்குள் அடங்காது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கடைசிக் கட்டத்தில் அவர் விரல் நின்றது.

"இதுல ஒரே ஒரு ஆள்தான். அதுவும் நீ. நீ இல்லேன்னா இந்த ரெண்டு பேப்பரையும் ஒரே காலையில வெச்சிடலாம். பத்து நாள்ல முடிஞ்சிடும்."

"ஆமா சார்."

"பத்துன்னா என்னால முடியும். நுழைவுத் தேர்வுக்காரங்க கால்ல விழுந்தாவது மூணு காலையைத் திரும்ப வாங்கிடுவேன். பதினொண்ணு முடியாது, தரை பெயர்க்க ஆள் வந்துடுவான். கூடத்துக்கு வெளிய தேர்வு வெச்சா மேல அனுமதி கேக்கணும். அனுமதி கேட்டா காரணம் எழுதணும். காரணம் எழுதினா யார் தப்புன்னு எழுதணும்." குரலைத் தணித்துக்கொண்டார். "நீ வரைகலையை விட்டுடு. ரெட்டைப் பட்டம் வராது, கணிதப் பட்டம் முழுசா வந்துடும். அதுவும் நல்ல பட்டம்தானே? அம்மா நாற்காலி அம்மாகிட்டயே இருக்கும். விஷயம் இந்த அறையோட போகும். மூணு மணிக்குச் சொல்லு."

விலகல் படிவம் ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ரெட்டையின் அப்பா எங்கள் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். லிஃப்ட்காரர் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். தினமும் மதியம் ரொட்டியும் அவித்த முட்டையும் எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்கு வந்துவிடுவார். அன்று கைக் கிரீஸைக்கூடத் துடைக்காமல் எல்லாவற்றையும் கேட்டார். யாரும் முட்டையை உரிக்கவில்லை.

"இதுல என்னம்மா யோசனை?" என்றார் மகளிடம். "லிஃப்டுல பத்துப் பேருக்குத்தான் இடம். பதினோராவது ஆள் ஏறினா மணி அடிச்சுக்கிட்டே நிக்கும், கதவு மூடாது. யாராவது ஒருத்தர் இறங்கினாத்தான் மத்தவங்க போக முடியும். ஒரு பட்டம் போதாதா? ரெண்டு பட்டத்தை வெச்சுக்கிட்டு ரெண்டு சாப்பாடா சாப்பிடப்போற?"

"ஏங்க, சும்மா இருங்க" என்றாள் அட்டைக்காரி.

"அப்பா சொல்றது சரிதாம்மா. தப்பு என்னுது. நான்தானே இறங்கணும்." ரெட்டை படிவத்தை இழுத்துக்கொண்டாள். பேனா மூடியைக் கழற்றினாள்.

"ஒரு நிமிஷம் இரு. அந்த ரெண்டையும் ஏன்டி எடுத்த? வேற ஒருத்தரும் எடுக்கலையே."

"இப்ப எதுக்கும்மா அது?"

"சொல்லு."

ரெட்டை பேனாவை உருட்டிக்கொண்டே சொன்னாள். "இடத்தியல்ல ஒரு குடுவை வடிவத்தைச் சொல்வாங்க. உள்பக்கம் வெளிப்பக்கம்னு ரெண்டு இல்லாம, ஒரே பக்கமா இருக்கும். நம்ம மூணு பரிமாண உலகத்துல அதைச் செய்யவே முடியாது. கண்ணை மூடிக்கிட்டு யோசிச்சுத்தான் பாக்கணும். வரைகலை படிச்சா அதைத் திரையில சுத்தவிட்டுக் கொஞ்சமாவது பாக்கலாம். கண்ணை மூடிக்கிட்டுப் பாத்ததைக் கண்ணைத் திறந்து பாக்கணும்னு ஆசை. அவ்வளவுதான். அதுக்காகத்தான் ரெண்டும் சேந்த படிப்பே எடுத்தேன்."

படிவத்தில் முதல் எழுத்தைப் போட்டும்விட்டாள். அட்டைக்காரி எட்டிப் பேனாவைப் பிடுங்கினாள். அவள் எதையும் பிடுங்கி நான் பார்த்ததே இல்லை.

"ஏங்க, லிஃப்டுல யாராவது ஒருத்தர் இறங்கணும், அவ்வளவுதானே? கடைசியா ஏறினவங்கதான் இறங்கணும்னு ஏதாவது இருக்கா?"

லிஃப்ட்காரர் முழித்தார். "அப்படியெல்லாம் இல்ல. யார் இறங்கினாலும் சரிதான்."

"அப்ப நான் இறங்கறேன்."

"அம்மா!"

"நீ வாயை மூடு. ஒரே ஒரு ஆளுக்காக எத்தனை தடவை மொத்த அட்டையையும் கலைச்சுப் போட்டிருக்கேன் தெரியுமா? போன வருஷம்கூட யாரோ ஒரு பிள்ளை, மூஞ்சிகூடத் தெரியாது, அதுக்காக நாலு நாள் முதுகு ஒடிஞ்சேன். ஒரு ஆள்னாலும் ஆள்தான். ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் அப்படிப் போட்டுட்டு, என் பிள்ளையை மட்டும் இல்லேன்னு எழுதி அட்டவணை போடச் சொல்றாரா அவரு?"

அவள் அழவில்லை.

மூன்று மணிக்கு அதிகாரியிடம் அவளே போய்ச் சொன்னாள். கதவு திறந்திருந்தது, எங்களுக்குக் கேட்டது.

"பதினோரு காலை சார். பதினோராவது காலை இடத்தியல். எழுதுறது மொத்தம் ஒன்பது பேர். கூடம் வேண்டாம், எங்க அறையிலயே ஒன்பது நாற்காலி போடலாம், அளந்து பாத்துட்டேன். அனுமதிக்கு எழுதுங்க. காரணத்துக்கு என் விளக்கக் கடிதத்தை வெச்சிடுங்க."

"யோசிச்சுத்தான் பேசுறீங்களா? இந்த வேலை திரும்ப வராதும்மா."

"தெரியும் சார்."

திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டு கடிதம் சொன்னாள். நான் அடித்தேன். அட்டைகளில் இருந்த சிவப்புப் புள்ளிகளைக் கணினிக்குத் தர வேண்டும் என்று கவனிக்கத் தவறியது என் பிழை. இதில் வேறு எவருக்கும் பங்கில்லை. அந்த இரண்டாவது வரியில் என் விரல் நின்றுவிட்டது.

"அடிங்கக்கா. நேரமாச்சு."

அந்த வரியை அழித்தேன். கீழே கையெழுத்துக்கு ஓர் இடம் விடுவதற்குப் பதில் இரண்டு இடம் விட்டு, இரண்டாவது இடத்தில் என் பதவியை அடித்தேன்.

"என்னக்கா இது?"

"புள்ளியை நான் பாத்தேன்டி. கேக்கலாம்னு எழுந்தேன், கேக்கல. காலையில இருந்து வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கேன். என்னைத் திட்டறதுன்னா அப்புறமாத் திட்டிக்கோ, முதல்ல கையெழுத்துப் போடு."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் தாங்க முடியாது. கோபம் இருந்தது, ஏன் இருக்காது? ஆனால் கையெழுத்துப் போட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினாள். பதினோரு காலை என்று கேட்டதும் நிரல் உடனே துப்பிய அட்டவணை, நாலு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது பலகையில் ஏறியது.

மேலிடம் அனுமதி கொடுத்தது. அதிகாரியும் சொன்னபடி மூன்று காலையைத் திரும்ப வாங்கிவிட்டார். எனக்கு ஒரு கண்டனக் குறிப்போடு முடிந்தது. அட்டைக்காரியை அடுத்த திங்கட்கிழமையே கீழ்த்தளத்துக்கு அனுப்பினார்கள். வெற்று விடைத்தாள்களில் முத்திரை குத்துகிற அறை. ஜன்னல் கிடையாது, சாயங்காலம்வரை டப் டப்பென்று ஒரே வேலை. அட்டைப் பெட்டியை எங்கேயோ எடுத்துப் போனார்கள். வீட்டில் ரெட்டை இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றும், "நீ இப்படிப் பட்டினி கிடந்து ஃபெயிலாகத்தான் நான் இறங்கினேனா?" என்று அம்மா தட்டை எதிரில் வைத்துக் கத்தினாள் என்றும் லிஃப்ட்காரர் சொன்னார். அதற்குப் பிறகுதான் மகள் படிக்க உட்கார்ந்தாளாம்.

பதினோராவது காலை, எங்கள் அறையில் ஒன்பது நாற்காலி. அந்தப் பக்கம் கூடத்தில் தரையைப் பெயர்க்கிற சத்தம். கதவில் ஒட்டும் பட்டியலை நான்தான் அடித்தேன். இரட்டை எண் உள்ள பிள்ளைகளுக்கு இரண்டு எண்ணையும் சேர்த்தே அடித்து, பக்கத்தில் சிவப்புப் பேனாவால் என் கையாலேயே புள்ளி வைத்தேன். ரெட்டைக்கு அவள் அம்மாவின் மேசையே இடமாக அமைந்தது. அவள் உட்காரும் முன் மேசையை உள்ளங்கையால் ஒருதரம் தடவினாள். விடைத்தாளைத் திறந்து முத்திரையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

காலையிலேயே புழுக்கம். பிள்ளைகள் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்கள். கண்காணிக்க வந்த ஆசிரியர் மேலே பார்த்துவிட்டு, "விசிறி ஓடாதாம்மா?" என்று கேட்டார்.

"ஓடும் சார். நல்லாத்தான் ஓடும்" என்றேன்.

போய் விசையைத் தட்டினேன். மேசையில் பறந்துபோக ஓர் அட்டையும் இல்லை. பதினாறு வருஷமாக நான் சண்டை போட்டுக் கேட்ட காற்று தலைக்கு மேல் சுகமாக வந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனேன்.